பலகை ஜீப் வாங்கிய தில்லைநாதன்

தில்லைநாதனின் செத்தவீட்டுக்கு ஷாஃப்ஹவுசனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், ரெனானிலிருந்தும் வந்தார்கள். வந்தவர்கள் மண்டபத்தின் ஓரங்களில் நின்று குரலைத் தாழ்த்திக் கதைத்ததெல்லாம் அந்த வண்டியைப் பற்றித்தான். ஒருவர் சொன்ன கதையில், லைசென்ஸ் சோதனை நடத்திய வெள்ளைக்காரன் நடுவழியில் இறங்கித் தோப்புக்கரணம் போட்டான். இன்னொருவர் கதையில், ஹோட்டல்காரி வண்டியைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். மூன்றாமவர், வண்டி முழுக்கத் தேக்கம் பலகை என்று சத்தியம் செய்தார். செத்தவீட்டில் யாரையும் திருத்தப் போகக்கூடாது. ஆனால் தில்லைநாதன் எதையும் கூட்டிச் சொல்கிற மனிதர் அல்ல. அவர் கதைக்கும் கூட்டல் தேவையில்லை. நடந்தது நடந்தபடியே நிற்கும்.

நடந்தது எண்பத்தெட்டாம் ஆண்டு, டாவோஸில். அப்போது அவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் சட்டி பானை கழுவிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால், தலைமயிர் கறுப்பாக இருந்த காலம் முழுவதும், யாழ்ப்பாணம் கொழும்பு இரவு பஸ் ஓட்டியவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அவருடைய பஸ் எரிந்தது. அவர் எரியவில்லை. அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். மேலே கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அடுத்த வருடம் கிழக்கு பெர்லின் வழியாக வந்து, அகதிக் காம்பில் இருந்து, மாநிலம் பிரித்துக் கொடுத்த இடத்துக்கு ரயில் ஏறி, முழங்கால் பனிக்குள் இறங்கியபோது, பெறுமதியான சாமான் என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. விபூதிப் பையோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த டிரைவிங் லைசென்ஸ்.

சமையலறையில் அவருடைய இடம் பின்சுவரோடு இருந்தது. கோப்பைகளை மெஷின் கழுவும். மெஷினுக்குள் அடங்காததெல்லாம் தில்லைநாதனிடம் வரும்: சூப் அண்டா, பேக்கிங் தட்டு, அடியில் சீஸ் கருகிப் பிடித்த ஃபொண்டூச் சட்டி. பக்கத்து மேசையில் மரக்கறி வெட்டுகிறவன் குகநாதன், இணுவில் பக்கத்துப் பெடியன். கத்தி வேகமா வாய் வேகமா என்று சொல்ல முடியாது.

"டிரைவர் அண்ணை, அந்த அண்டாவை எப்பன் ரிவேர்ஸ் எடுங்கோ" என்பான்.

"தள்ளி நில்லடா. மிதிபலகையில நிண்டால் நான் பொறுப்பில்லை" என்பார் தில்லைநாதன், அண்டாவைப் புரட்டியபடி.

இந்தப் பகிடி நாலு குளிர்காலம் நடந்தது. சிரித்துக்கொண்டுதான் பதில் சொல்வார். ஆனால் 'டிரைவர்' என்ற சொல் காதில் விழும்போது மட்டும் அவருடைய முதுகு நிமிரும். இதைக் கவனித்தது ஒரே ஒருத்தி, அவருடைய மனைவி செல்வராணி. அதே ஹோட்டலின் சலவைப் பகுதியில் படுக்கைத் துணி மடிக்கிறவள்.

அந்த ஹோட்டலுக்கு ஒரு வண்டி இருந்தது. அமெரிக்க வண்டி. பெட்டி போல நீண்ட உடம்பு, நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும், கூரையில் பனிச்சறுக்குக் கட்டைகள் கட்டுவதற்குக் கம்பிகள். இரண்டு பக்கமும் பின்கதவும் மரப்பலகை. பலகையைச் சுற்றி இளம் நிறத்தில் ஒரு சட்டம். ஏதோ நல்ல வீட்டு அலுமாரிக்குச் சில்லுப் பூட்டியதுபோல் இருக்கும். ஸ்டேஷனில் வந்து இறங்கும் விருந்தாளிகளை ஏற்றிவரவென்று ஹோட்டல் முதலாளி காஃப்லிஷ் ஆசைப்பட்டு வாங்கியது. எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பலகை ஜீப். முதலாளி இறந்த பிறகு மகன் புது வான் ஒன்று எடுத்துவிட்டான். பலகை ஜீப் கராஜில் நின்றது.

மாசி மாதத்தில் ஒருநாள், மத்தியானச் சட்டிகள் முடிந்து இரவுச் சட்டிகள் தொடங்காத இடைவெளியில், தில்லைநாதன் குப்பை வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். கராஜ் கதவு திறந்து கிடந்தது. வண்டிக் கதவும் பூட்டியிருக்கவில்லை. அவர் உள்ளே ஏறி டிரைவர் சீட்டில் இருந்தார். சாவி இல்லை, விளக்கு இல்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தார். பிறகு வண்டி அவருக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனையிறவு தாண்டி, பரந்தன் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. எடுத்த வளைவை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

வெளியே முதலாளியம்மா, ஃபிராவ் காஃப்லிஷ், கம்பளிச் சால்வையோடு நின்றாள்.

"உள்ளே குளிர் குறைவா?" என்று கேட்டாள்.

ஜெர்மன் கேட்டால் அவருக்கு விளங்கும். பேசும்போது வினைச்சொல் ஒன்றும் வரிசையில் நிற்காது. "குளிர் இல்லை. நான் டிரைவர்."

"நீங்கள் அப்வேஷர் அல்லவா?" சட்டி கழுவுகிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர்.

"இங்கே அப்வேஷர். அங்கே டிரைவர். பஸ். பெரிசு. இரவு முழுக்க."

அவள் அவரை இறங்கச் சொல்லவில்லை. சுற்றிவந்து மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி இருந்தாள். இருவரும் கராஜின் வெள்ளைச் சுவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரமாக மனதை அரித்த கேள்வியைத் தில்லைநாதன் கேட்டுவிட்டார்.

"கிளச் எங்கே?"

"கிளச் இல்லை. ஆட்டோமாட்."

"கிளச் இல்லை?" கடை வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்போல இடது காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்து அவள் சிரித்தாள். புருஷன் போனபின் அவள் சிரித்து அவர் கண்டதில்லை.

பிறகுதான் அவள் சொன்னாள், வண்டியை விற்கப் போவதாக. ஈஸ்டர் முடிய லான்ட்குவார்ட்டிலிருந்து ஒரு வியாபாரி வருவான். உதிரிகளாகக் கழற்றி விற்பான், இல்லையென்றால் கப்பலில் ஏற்றுவான்.

"நான் வாங்குறது" என்றார் தில்லைநாதன். வாய் சொன்ன பிறகுதான் காது கேட்டது.

"உங்களிடம் லைசென்ஸ் உண்டா? இந்த நாட்டில் செல்லுபடியாகிற லைசென்ஸ்?"

"அங்கே லைசென்ஸ். இங்கே இல்லை."

"சும்மா நிற்கிறதுக்கு நான் வண்டி விற்கமாட்டேன். ஓட்டிக் காட்டுங்கள். ஓட்டினால் உங்களுக்கு. இல்லாவிட்டால் லான்ட்குவார்ட்டுக்கு" என்றாள்.

அந்த நாட்டில் வெளிநாட்டு லைசென்ஸை மாற்றுவதற்கு ஒரு சோதனை ஓட்டம் உண்டு. பரீட்சகர் பக்கத்தில் இருப்பார். ஒருமுறைதான். தோற்றால் திரும்ப வரச்சொல்ல மாட்டார்கள். பழைய லைசென்ஸ் அன்றோடு வெறும் கடதாசி. அரிவரியிலிருந்து தொடங்க வேண்டும், மாதக்கணக்கில், காசைக் கொட்டி. தில்லைநாதன் இத்தனை வருடமும் அந்தச் சோதனைப் பக்கம் போகாததற்குக் காரணம் பயமா சோம்பலா என்று குகநாதன் பல தடவை கேட்டிருக்கிறான். உண்மைக் காரணத்தை அவர் அவனுக்குச் சொல்லவில்லை. சோதனை எடுக்காதவரைக்கும் அவர், தற்போதைக்குச் சட்டி கழுவுகிற ஒரு டிரைவர். எடுத்துத் தோற்றால், ஒருகாலத்தில் பஸ் ஓட்டின ஒரு அப்வேஷர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று வேலை முடிந்து அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது குகநாதனும் அங்கேதான் சோற்றுக் கோப்பையோடு இருந்தான்.

"உந்தப் பலகை ஜீப்பையோ?" என்றாள் செல்வராணி. "இஞ்சாருங்கோ, அதுக்குள்ள எங்கட அறையை ரெண்டு தரம் வைக்கலாம்."

"ஓம். பெரிய வாகனம்தான்."

"பெட்ரோல்?"

"குடிக்கும்."

"எவ்வளவு குடிக்கும்?"

"அதைக் கேளாதையும்."

"அக்கா, அது ஒரு பெட்ரோல் ஷெட்டில இருந்து அடுத்த பெட்ரோல் ஷெட் மட்டும்தான் ஓடுமாம்" என்றான் குகநாதன். "இன்னொரு விஷயம் அண்ணை. அது பலகை இல்லை. தகரத்துக்கு மேல ஒட்டின ஸ்டிக்கர். நான் நகத்தால சுரண்டிப் பாத்தனான்."

"சுரண்டினனியோ?" தில்லைநாதன் எழும்பிவிட்டார். நாலு வருடத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். "என்ர வாகனத்தையோ நீ சுரண்டினனி? எந்தப் பக்கம்? எவ்வளவு?"

"ஐயோ, எப்பன்தான் அண்ணை. பின்கதவுக்குக் கிட்ட."

செல்வராணி அந்த 'என்ர' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "என்னட்டை சீட்டுக் காசு கிடக்கு" என்றாள்.

"அது உம்மட தாலிக்கொடிக்கு."

"இப்ப கழுத்தில மஞ்சள் கயிறு கிடக்குத்தானே. அது அறுந்தோ போச்சு? கொடி பிறகும் செய்யலாம். உங்களை லான்ட்குவார்ட்டுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை."

"வாகனத்தையெல்லே லான்ட்குவார்ட்டுக்கு அனுப்பிறது?"

"எனக்குத் தெரியும் யாரை எண்டு" என்றாள் அவள். அவர் கோப்பையில் இன்னொரு அகப்பை குழம்பை விட்டாள்.

வீதியில் ஓட்டிப் பழக அனுமதி இல்லை. ஆகவே தில்லைநாதன் ஓய்வு நாட்களில் மஞ்சள் நிற போஸ்ட் பஸ்ஸில் ஏறினார். டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டில் இருந்துகொள்வார். மலைக்கிராமம் வரை போவார், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருவார். வலப்பக்கம் ஓடுகிற உலகத்துக்குக் கண்ணைப் பழக்குவதுதான் வேலை. எந்த அறிவிப்புப் பலகைக்கு எங்கே கால் எடுக்கிறான், பனி இறுகின இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் எப்படி இறக்குகிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். வளைவு வந்தால் அவருடைய வலது காலும் தரையை அழுத்தும். கண் மறைந்த வளைவில் போஸ்ட் பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தபோது அவருக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. "இவங்களும் ஹோர்ன் அடிக்கிறாங்கள்!" என்று அன்று முழுக்கச் சமையலறையில் சொல்லித் திரிந்தார்.

பஸ் டிரைவர் ஒருநாள் கேட்டேவிட்டான். "ஐயா, இந்த பஸ்ஸை நான் ஓட்டுகிறேனா, நீங்கள் ஓட்டுகிறீர்களா?"

"ரெண்டு பேரும்" என்றார் தில்லைநாதன்.

வண்டியைத் தொட்டுப் பழக ஃபிராவ் காஃப்லிஷ் ஹோட்டலின் பின்முற்றத்தைக் கொடுத்தாள். அது அவளுடைய சொந்த நிலம்; கேட்க ஆள் இல்லை. முன்னுக்குப் போவதும் பின்னுக்கு வருவதுமாக, சலவை அறை யன்னலில் செல்வராணியின் முகம் தெரிய, அவர் அந்தப் பெரிய உடம்பின் நாலு மூலையையும் பாடமாக்கினார். கிளச் தேடி அலைந்த இடது காலுக்கு மட்டும் புத்தி வரவில்லை. கடைசியில் அந்தக் காலின் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டி, சீட்டுக்குக் கீழே பின்னுக்கு மடக்கி வைத்தார்.

சோதனை நாள் பங்குனிக் கடைசியில் வந்தது. வெயில் எறித்தது, வீதி கறுப்பாகவும் ஓரம் வெள்ளையாகவும் இருந்தது. பரீட்சகர் டெருங்ஸ் என்பவர் மெலிந்த மனிதர், சொல்லை எண்ணிச் செலவழிக்கிறவர். வண்டி தன்னுடையது என்பதால் ஃபிராவ் காஃப்லிஷ் தொப்பி வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள். சமையலறை ஆட்கள் பின்கதவில் திரண்டு நின்றார்கள். செல்வராணி வந்து அவர் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு ஒதுங்கினாள். குகநாதன்தான் கையை உயர்த்திக் கத்தினான்:

"அண்ணை, வலப்பக்கம்! சோறு தின்னுற கைப்பக்கம்!"

தில்லைநாதன் ஓட்டினார். அதை வேறு எப்படிச் சொல்வது? சிலர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். சிலரை வண்டி இழுத்துக்கொண்டு போகும். அவர் ஓட்டினார். ஸ்டேஷனுக்கு முன்னால் இரண்டு கார்களுக்கு நடுவில் அந்தப் பென்னம்பெரிய உடம்பை ஒரே வீச்சில் பின்னுக்குச் செருகினார். பாதசாரிக் கோட்டில் ஒரு கிழவருக்காக நின்று, கிழவர் மனம் மாறித் திரும்பிப் போகும்வரை பொறுத்திருந்தார். ஊரைத் தாண்டி, பள்ளத்தாக்கின் வழியே கீழ்நோக்கி விடச் சொன்னார் டெருங்ஸ். சில்லுக்குக் கீழே வீதி ஓடுகிற அந்தச் சின்ன அதிர்வு, கைவழியாக ஏறி, தோளில் இருந்த இத்தனை வருடத்து அண்டாக்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்தது. பின்னால் ஃபிராவ் காஃப்லிஷ் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அது பயத்தில் அல்ல என்று கண்ணாடியில் பார்த்தவருக்குத் தெரிந்தது.

கத்தோலிக்க ஊர்கள் தொடங்குகிற இடத்தில் வீதி திரும்பி, நீண்ட இறக்கமாக விழுகிறது. அந்தத் திருப்பத்தில் வீதியோரமாக ஒரு சிற்றாலயம். ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய அளவு. உள்ளே ஒரு சிலை, முன்னால் சிவப்புக் கண்ணாடிக்குள் ஒரு விளக்கு.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியால் தெற்கே போனவர்கள் எல்லோருக்கும் முறிகண்டி தெரியும். காட்டுக்கு நடுவில் வீதியோரத்தில் சின்னப் பிள்ளையார். அவரைத் தாண்டி ஒரு வாகனமும் நிற்காமல் போகாது. டிரைவர் இறங்குவான், கற்பூரம் கொளுத்துவான், தேங்காய் உடைப்பான், சனங்கள் கச்சான் கடலை வாங்கும், பிறகு பஸ் எடுக்கும். சைவக்காரன், கிறிஸ்தவ வேதக்காரன், சிங்களவன் என்ற பேதம் இல்லை. பஸ்ஸில் இருப்பவர்கள் நித்திரையில் இருந்தாலும் டிரைவரின் கால் மிதியிலிருந்து தானாக எழும்பும். தில்லைநாதனின் கால் போகும்போதும் வரும்போதுமாக எத்தனை ஆயிரம் இரவுகள் அங்கே எழும்பியிருக்கும் என்று கணக்கு இல்லை.

அந்தக் கால் இங்கேயும் எழும்பியது. கண் கண்ணாடியைப் பார்த்தது. கை சிக்னலைப் போட்டது. வண்டி வீதியை விட்டு மெல்ல விலகி, சிற்றாலயத்துக்கு நேரே, பனி வழித்த இடத்தில் நின்றது. கைப்பிரேக் ஏறியது. இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட்டு நெஞ்சுக்கு நேரே சேர்ந்தன. அப்போதுதான் தில்லைநாதனுக்கு, தான் எங்கே இருக்கிறோம், பக்கத்தில் இருப்பது யார் என்பது நினைவுக்கு வந்தது.

என்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏன் நிற்கிறோம்?" என்று கேட்டார் டெருங்ஸ்.

ஃபிராவ் காஃப்லிஷ் பின்னாலிருந்து முந்திக்கொண்டாள். "இனி இறக்கம் அல்லவா? பிரேக் சரியா என்று பார்க்கிறார். அனுபவமுள்ளவர்கள் அப்படித்தான்."

நல்ல பொய். சமைத்து, பரிமாறி, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்த பொய். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் வண்டி அவருடையது. தில்லைநாதன் தன் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் கும்பிட்டபடியே இருந்தன. கும்பிட்ட கையோடு பொய் சொல்வது எப்படி? கையை இறக்கிவிட்டுச் சொன்னால் அது அதைவிடக் கேவலம்.

"இல்லை" என்றார். "பிரேக் நல்லது. இங்கே கடவுள். எங்கள் நாட்டில் றோட்டில் கடவுள் இருந்தால் டிரைவர் நிற்கிறது. கும்பிடுகிறது. பிறகு போகிறது."

"எல்லா டிரைவர்களுமா?"

"எல்லாரும். பஸ். லொறி. மந்திரி கார்."

"நிற்காமல் போனால்?"

தில்லைநாதன் யோசித்தார். நிற்காமல் போனவர்களைப் பற்றி ஊரில் ஆயிரம் கதை உண்டு. எதையும் அவர் கண்ணால் கண்டதில்லை. "தெரியாது" என்றார். "நான் எப்போதும் நின்றது."

டெருங்ஸ் மடியில் இருந்த அட்டையில் ஏதோ எழுதினார். பிறகு யன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பின்சில்லைப் பார்த்தார், வீதிக்கோட்டைப் பார்த்தார். யன்னலை ஏற்றினார். "போகலாம்" என்றார்.

அதற்குப்பின் அவர் 'இடது', 'வலது' தவிர ஒரு சொல் பேசவில்லை. தில்லைநாதன் முடிந்துவிட்டது என்றே நினைத்தார். முடிந்தது முடிந்ததுதான், மிச்ச வழியையாவது டிரைவராக ஓட்டுவோம் என்று மனம் சொன்னது. வளைவுகள் ஒவ்வொன்றும் கைக்குள் வந்து வந்து போயின. அவர் தன் வாழ்நாளில் ஓட்டிய ஓட்டங்களில் அதுதான் திறம் என்று பிற்காலத்தில் செல்வராணியிடம் சொன்னாராம். பார்க்க வேண்டியவன் பார்ப்பானோ இல்லையோ என்ற கவலை போய்விட்டால் கை அப்படி இளகிவிடும் போல.

ஹோட்டல் முற்றத்தில் நிறுத்தியதும் டெருங்ஸ் அட்டையைப் பார்த்துப் படித்தார். "ஊருக்குள் ஒரு இடத்தில் தேவைக்கு மேல் மெதுவாகப் போனீர்கள். ஒரு இடத்தில் நடுக்கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டீர்கள்." அட்டையைத் திருப்பினார். "பிறகு, அந்தச் சிற்றாலயம். நான் நிற்கச் சொல்லவில்லை."

"இல்லை" என்றார் தில்லைநாதன்.

"ஆனால் கண்ணாடி பார்த்தீர்கள். சிக்னல் போட்டீர்கள். வீதிக்கு வெளியே நின்றீர்கள். புறப்படும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தீர்கள். நிற்பது குற்றமென்று சட்டத்தில் எங்கேயும் இல்லை." அட்டையில் கையெழுத்துப் போட்டார். "நான் நிற்கச் சொல்லி நிறுத்தியவர்களில்கூட இவ்வளவு ஒழுங்காக நின்றவர்கள் குறைவு."

அவர் கை கொடுத்து இறங்கிப் போய்விட்டார். ஃபிராவ் காஃப்லிஷ் பின்சீட்டில் மூக்கைச் சீறினாள். தில்லைநாதன் அசையவில்லை. சமையலறைக் கதவிலிருந்து ஓடிவந்த குகநாதன் யன்னலில் முகத்தை ஒட்டி, "என்ன அண்ணை, போச்சோ?" என்று கேட்டான்.

"பாஸ்."

"பாஸோ! பிறகேன் செத்தவீட்டு முகம்?"

"கால் விறைச்சுப்போச்சடா" என்றார். மடக்கிவைத்த இடது காலை இழுத்தெடுக்க அவன்தான் கை கொடுத்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் சமையலறைக்குள் போனான். கரட் ஒன்றை வெட்டி முடிப்பதற்குள், அவன் சொன்ன கதையில் டெருங்ஸ் சிற்றாலயத்தடியில் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். வெங்காயம் முடிவதற்குள் தோப்புக்கரணம் போட்டுவிட்டார். கதை கிளம்பிய இடம் அதுதான்.

ஈஸ்டருக்கு முந்தின கிழமை விற்பனை நடந்தது. விலையை ஃபிராவ் காஃப்லிஷ் சொன்னாள், நியாயமான விலை, தில்லைநாதன் குறைத்துக் கேட்கவில்லை, அவளும் சும்மா கொடுக்கவில்லை. அதைப் பற்றி அவருக்கு எப்போதும் ஒரு பெருமை இருந்தது. "தந்தது இல்லை, வாங்கினது" என்பார். சாவியைக் கொடுக்கும்போது அவள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டாள்.

"பக்கத்தில் இருப்பது மரம் அல்ல. மரம்போல ஒட்டியது. பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"தெரியும்" என்றார் தில்லைநாதன். "சுரண்டிப் பார்த்தது." பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்த நகக்கீறலைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு இருவரும், கேலியில்லாத முகத்தோடு, அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார்கள்.

இலக்கத் தகட்டை அவரே ஆணி முறுக்கிப் பூட்டினார். கிராவுபுண்டன் மாநிலத்தின் மலையாட்டுச் சின்னம் போட்ட தகடு. செல்வராணி நாலு சில்லுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தாள். இரண்டு சில்லுக்கு வைத்தால் போதாதா என்று குகநாதன் கேட்டதற்கு, "இது நாலு சில்லும் இழுக்கிற வாகனம். ரெண்டுக்கு வைச்சு மற்ற ரெண்டுக்கும் கண்ணூறு படட்டோ?" என்றாள். நசுங்கிய பழங்களைத் தாண்டி வண்டி முற்றத்தில் ஒரு வட்டம் அடித்து வந்து நின்றதும், அவள் போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

"எங்க ஏறுறீர்? முன்னுக்கு வாரும்."

"பின்சீட்தான் மரியாதை. ஊரில கார் பிடிச்சுப் போனால் பின்னுக்குத்தானே இருக்கிறது."

"அது வாடகைக் கார். இது எங்கட."

அவள் முன்னால் வந்து ஏறினாள். பழக்கம் இல்லாததால் கதவை மெதுவாகச் சாத்தினாள்; அது பூட்டவில்லை. அவர் அவளைத் தாண்டிக் கையை நீட்டி இழுத்துச் சாத்தினார்.

அந்த வருடம் ஆவணியில் ஷாஃப்ஹவுசனில் ஒரு கல்யாணம். டாவோஸ் ஹோட்டல்களில் இருந்த எங்கள் ஆட்களில் லீவு கிடைத்தவர்கள் எல்லோரும் பலகை ஜீப்பில் ஏறினார்கள். பெண்கள் சீலை கசங்காமல் இருக்க, ஆண்கள் பின்பக்கச் சாமான் தட்டில் கால் நீட்டி இருந்தார்கள். கூரையில் பலகாரப் பெட்டி. மலையை விட்டு இறங்கி, ஏரிக்கரைகளைத் தாண்டி, நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தில்லைநாதன் அவர்களைக் கொண்டுபோனார். பெட்ரோல் அடித்த இடங்களைக் குகநாதன் உரத்து எண்ணிக்கொண்டே வந்தான். ஒரு கட்டத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டு நித்திரையாகிவிட்டான்.

மண்டபத்து வாசலில் வண்டி வந்து நின்றபோது வெளியே நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கதவுகள் திறந்து, ஆட்கள் இறங்க இறங்க, முடிவதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன், வேட்டி சால்வையோடு நின்ற பெரியவர், வண்டியை ஒருதரம் சுற்றிவந்தார். பலகையில் கை வைத்துப் பார்த்தார்.

"நல்ல மரம்" என்றார். "யாற்ற வாகனம்?"

"என்ர" என்றார் தில்லைநாதன். "டாவோஸில இருந்து வாறம்."

"டாவோஸோ? அங்க என்ன வேலை?"

எங்கள் ஆட்கள் சந்தித்தால் மூன்றாவது கேள்வி எப்போதும் இதுதான். பதிலும் எல்லோருக்கும் ஒன்றுதான்: 'ஹோட்டலில.' அதற்கு மேல் கேட்பவரும் கேட்கமாட்டார், சொல்பவரும் சொல்லமாட்டார். செல்வராணி அந்தப் பதிலைச் சொல்ல வாய் எடுத்தாள். அவர் அவளைச் சொல்லவிடவில்லை.

"வேலை சட்டி கழுவுறது" என்றார். "தொழில் டிரைவர்."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழி விட்டு, "வாங்கோ, வந்து இருங்கோ. பந்தி தொடங்கப் போகுது" என்று கையைப் பிடித்தார்.

"நீங்கள் போங்கோ அண்ணை, வாறன்" என்றார் தில்லைநாதன். "வெயில் படுது. இவனை எப்பன் நிழலில விட்டிட்டு வாறன்."